ஒரு டாலர் ஒப்பந்தம்

மகளிர் டென்னிஸ் இன்று உலகறிந்த தொழில்முறை விளையாட்டு. அதன் தொடக்கத்தை நாடுவோர் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகருக்குச் செல்ல வேண்டும், ஆண்டு 1970.

1968ஆம் ஆண்டு விம்பிள்டன் பந்தயம் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் கதவைத் திறந்தது. ஆடவர் வெற்றியாளர் ராட் லேவர் 2,000 பவுன் பெற்றார். மகளிர் வெற்றியாளர் பில்லி ஜீன் கிங் பெற்றதோ 750 பவுன். இவ்வேற்றத்தாழ்வு நாளடைவில் குறையும் என்று எண்ணியிருந்தால் பிழை, அது வளர்ந்தது. 1970இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பந்தயத்தில் ஆடவர் முதற்பரிசு 12,500 டாலர் என்றும் மகளிர் முதற்பரிசு 1,500 டாலர் என்றும் அறிவிக்கப்பட்டது. அப்பந்தயத்தை நடத்தியவர் ஜாக் கிரேமர். அவரே முன்னாள் விம்பிள்டன் வீரர். ஆயினும் மகளிர் முறையீட்டுக்கு அவர் இணங்கவில்லை.

பள்ளி விளையாட்டு விழாவில் மாணவருக்கு வெள்ளிக் கிண்ணமும் மாணவியருக்குச் சவர்க்காரப் பெட்டியும் வழங்கியதை என் இளமையில் நான் கண்டிருக்கிறேன். அன்று அதனை எவரும் வினவவில்லை, நானும் வினவவில்லை.

ஹூஸ்டனில் வினவினர். 'வேர்ல்டு டென்னிஸ்' என்னும் இதழை நடத்திய கிளாடிஸ் ஹெல்ட்மன் அம்மையார் மகளிர்க்கெனத் தனிப் பந்தயம் ஒன்றை அந்நகரில் ஏற்பாடு செய்தார். பரிசுத்தொகை மொத்தம் 7,500 டாலர். அமெரிக்க டென்னிஸ் சங்கம் இசைவு மறுத்தது. ஆடுவோர் விலக்கப்படுவர் என்றும் எச்சரித்தது. அம்மையார் ஒரு வழி கண்டார். ஒவ்வொருவரும் ஒரு டாலர் பெற்றுக்கொண்டு தம்மிடம் தொழில்முறை ஒப்பந்தம் செய்துகொள்ளச் செய்தார். நம் வழக்கில் சொன்னால், ஒற்றை வெள்ளிக்கு எழுதிய சாசனம்!

செப்டம்பர் 23ஆம் நாள் ஒன்பது பேர் கையொப்பமிட்டனர். பில்லி ஜீன் கிங், ரோசி காசல்ஸ், நான்சி ரிச்சி, ஜூலி ஹெல்ட்மன், பீச்சஸ் பார்ட்கோவிச், கிறிஸ்டி பிஜன், வேலரி சீகன்ஃபஸ் ஆகிய எழுவர் அமெரிக்கர். ஜூடி டால்டன், கெரி மெல்வில் இருவரும் ஆஸ்திரேலியர். சங்கம் சொன்னவாறே அமெரிக்கரை விலக்கி வைத்தது. நாட்டுக்காக ஆடும் தகுதியும் தரவரிசையும் பறிபோகும் என்பதை அறிந்தே அவர்கள் ஒப்பமிட்டனர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இறுதியாட்டத்தில் ரோசி காசல்ஸ், ஜூடி டால்டனை 5-7, 6-1, 7-5 என்று வென்று 1,600 டாலர் பெற்றார். எல் சால்வடோரிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவின் பொதுத் திடல்களில் ஆடிப் பழகியவர் அவர்.

இவ்வரலாற்றில் ஓர் உறுத்தலும் உண்டு. பந்தயத்துக்குப் பொருளுதவி செய்தது 'வர்ஜீனியா ஸ்லிம்ஸ்' என்னும் மகளிர் சிகரெட். 1971 தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது. விளையாட்டு அரங்கோ அவர்களுக்குத் திறந்திருந்தது. வீராங்கனையரின் உரிமையும் புகையிலையாரின் வாணிகமும் ஒரே மேடையில் கைகோத்து நின்றன. உடல்நலம் போதிக்கும் ஆசிரியனாகிய எனக்கு இது மகிழ்ச்சி தரவில்லை. எனினும் வேறெவரும் பெரும்பொருள் தர முன்வராத காலம் அது. ஆகவே அவர்களை நான் குறைகூறத் துணியேன்.

1971இல் தொடர்பந்தயமாக அது விரிந்தது. அவ்வாண்டே பில்லி ஜீன் கிங் ஒரு பருவத்தில் 1,00,000 டாலர் ஈட்டிய முதல் விளையாட்டு வீராங்கனையானார். 1972இல் ஆண்டிறுதிப் பந்தயம் புளோரிடாவின் போகா ரட்டோனில் தொடங்கிற்று. முதல் வெற்றியாளர் பதினேழு வயதுக் கிறிஸ் எவர்ட். தோற்றவர் ஒன்பதின்மருள் ஒருவரான கெரி மெல்வில். விந்தை யாதெனில், எவர்ட் அப்பொழுது தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். ஆகவே பரிசுப் பணத்தை அவரால் பெற இயலவில்லை!

1973இல் மகளிர் டென்னிஸ் சங்கம் இலண்டனில் உருவாயிற்று. அவ்வாண்டே அமெரிக்க ஓப்பன் இருபாலார்க்கும் சமபரிசு வழங்கியது. விம்பிள்டன் அதற்கு 2007 வரை காத்திருந்தது.

மகளிர் ஐந்து செட் ஆட வலுவற்றவர் என்று கூறி, குறைந்த பரிசுக்கு நியாயம் கற்பிப்போர் அந்நாளில் உண்டு. 1984 முதல் 1998 வரை ஆண்டிறுதிப் பந்தயத்தின் இறுதியாட்டம் ஐந்து செட் முறையிலேயே நடந்தது. 1990இல் நியூயார்க்கில் பதினாறு வயது மோனிகா செலஸ், அர்ஜென்டினாவின் கேப்ரியேலா சபாடினியை ஐந்தாம் செட்டில் வென்றார்.

அப்பந்தயம் 2014 முதல் 2018 வரை சிங்கப்பூர் உள்ளரங்கில் நடைபெற்றது. முதலாண்டு செரீனா வில்லியம்ஸ், ஐந்தாம் ஆண்டு உக்ரைனின் எலினா ஸ்விதோலினா வென்றனர். ஸ்விதோலினாவின் கையில் காலாங் அரங்கில் வைக்கப்பட்ட கோப்பை அவ்வாண்டுதான் புதிதாகப் பெயர் பெற்றிருந்தது: பில்லி ஜீன் கிங் கோப்பை.