கருவுற்ற தாயின் உணவு

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் ஒரு பெண் கருவுற்றால், லயத்து முதியோர் முதலில் கூறும் அறிவுரை, 'பப்பாசி வேண்டாம், அன்னாசி வேண்டாம்' என்பதே. இவ்விலக்கில் பாதி மெய் உண்டு. பப்பாசிக்காயின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடும். கனிந்த பழத்தில் அவ்வச்சம் இல்லை. அளவாக உண்ணும் அன்னாசியும் கேடு செய்யாது.

மெய்யான பகை இரத்தச்சோகையே. வெறுங்காலுடன் நடந்தோர் உடலில் மண்ணிலிருந்து ஏறிய கொக்கிப்புழு குருதியை உறிஞ்சியது. அதனை ஒழிக்கும் பணி, ராக்பெல்லர் அறநிலையத்தின் துணையோடு 1916-இல் இலங்கையில் தொடங்கியது. பம்பாய் ஆலைகளில் உழைத்த கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், அதன் வேர் உணவின் குறையே என்று கண்டு 1931-இல் வெளியிட்டார். அக்குறையைத் தீர்க்கும் போலிக் அமிலம் கீரையிலும் பருப்பிலும் உண்டு. இலங்கையில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் 1973-இல் வழங்கத் தொடங்கிய திரிபோஷ மாவும் குறையை நிரப்ப வந்ததே.

உணவோடு பருகும் தேநீர், இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். தேயிலை கொய்யும் தாய், உண்டவுடன் பருகும் தேநீரைச் சற்றுத் தள்ளிவைத்து, லயத்தோரத்து முருங்கைக்கீரையைச் சோற்றோடு சேர்த்தல் நன்று. விலக்குவதை மட்டும் எண்ணிய வீடு, சேர்ப்பதையும் எண்ண வேண்டும்.