குளிரில் டீசல் கட்டுதல்

வெப்பம் இறங்கும்போது டீசலில் கரைந்திருக்கும் பாரஃபின் மெழுகு படிகங்களாகப் பிரிந்து, பில்டரை அடைத்து, எஞ்சினுக்கு எரிபொருள் போகவிடாமல் தடுப்பதே டீசல் கட்டுதல். மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஒரு வேறுபாடு உண்டு: டீசல் முழுவதும் இறுக வேண்டியதில்லை, நூற்றுக்கு ஓரிரு பங்கு மெழுகு பிரிந்தாலே வண்டி நின்றுவிடும்.

மெழுகு கண்ணுக்குத் தெரிந்து டீசல் கலங்கும் வெப்பநிலை மேகப் புள்ளி. இன்னும் குளிர்ந்தால் பில்டர் அடைபடும். அதற்கும் கீழே டீசல் ஓடுவதே நிற்கும். அந்தக் கடைசி எல்லை ஊற்றுநிலை எனப்படும். பில்டர் அடைபடும் நிலையைக் கண்டறியும் ஆய்வில், 45 மைக்ரான் வலை வழியே 20 மில்லி டீசலை உறிஞ்ச 60 நொடிக்கு மேல் ஆகிறதா என்று பார்ப்பார்கள். இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களின் பில்டர்கள் அந்த வலையைவிட நுண்ணியவை என்பதால், ஆய்வுக்கூட எண்ணை மட்டும் நம்பி மலையேறுவது சரியல்ல.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1460 நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைக் குளிர்காலம் என்று கொள்கிறது. அப்போது பில்டர் அடைபடும் நிலை 6 டிகிரி செல்சியசுக்கும், ஊற்றுநிலை 3 டிகிரிக்கும் மேல் இருக்கக் கூடாது. மற்ற மாதங்களில் இந்த வரம்புகள் 18, 15.

ஜவ்வாது மலையடிவாரத்தில், வேலூர்–போளூர் சாலையிலுள்ள சந்தவாசலில் மார்கழிப் பனி எவ்வளவு மூடினாலும் வெப்பம் 6 டிகிரி வரை இறங்குவதில்லை. அங்கே விடியற்காலையில் டிராக்டர் கிளம்ப அடம்பிடித்தால் பேட்டரியையும், பில்டரில் தேங்கிய தண்ணீரையும், காற்றுக் கசிவையும் பார்க்க வேண்டும். டீசல் கட்டாமலிருக்க விற்கும் மருந்துப் புட்டிக்கு அந்த ஊரில் வேலையே இல்லை.

ஆனால் அந்த வட்டாரத்துக்கு இந்தச் சிக்கல் அந்நியமும் அல்ல. கண்ணமங்கலத்தை அடுத்து, வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பும் ஊர் என்று பெயர்பெற்ற கம்மவான்பேட்டை இருக்கிறது. அங்கிருந்து படைக்குப் போய் வட எல்லையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. லடாக்கில் குளிர்காலத்தில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே 20, 30 டிகிரி வரை போகும். ஓட்டுநர்கள் நெடுங்காலம் டீசலில் மண்ணெண்ணெய் கலந்தே சமாளித்தார்கள். மண்ணெண்ணெயில் மெழுகு குறைவு என்பதால் கலவை ஓடும். ஆனால் மசகுத்தன்மை குறைந்து பம்பும் இன்ஜெக்டரும் தேயும். அதிலுள்ள கந்தகம், 10 பி.பி.எம். கந்தகத்துக்கென வடிவமைத்த பி.எஸ். 6 வண்டிகளின் புகைச் சுத்திகரிப்பு அமைப்பையும் கெடுக்கும்.

2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கெனக் குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. பானிப்பட் சுத்திகரிப்பு நிலையத்தில் தயாரான அதன் ஊற்றுநிலை உறைநிலைக்குக் கீழே 33 டிகிரி. லே, கார்கில் போன்ற பகுதிகளில் மண்ணெண்ணெய்க் கலப்புக்கு முறையான மாற்று அப்போதுதான் பெட்ரோல் பங்குக்கே வந்தது.

தடுக்கும் வழிகளில் முதன்மையானது, போகும் இடத்துக்கு ஏற்ற டீசலை அங்கேயே நிரப்புவது. கனடாவில் பெட்ரோல் பங்குகள் பருவத்துக்கேற்ற டீசலைத் தாமாகவே விற்கின்றன. ஆயினும் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் டேங்கை நிரப்பிக்கொண்டு டொரன்டோவுக்குத் திரும்பும் லாரி வழியில் மாட்டிக்கொள்ளலாம். சமவெளியில் நிரப்பிக்கொண்டு லேவுக்கு ஏறும் லாரிக்கும் அதே கதிதான்.

கட்டாமல் தடுக்கும் ரசாயனங்கள் மெழுகைக் கரைப்பதில்லை; படிகங்களைச் சிறியதாக வைத்துப் பில்டரில் நுழையவிடுகின்றன. ஆகவே டீசல் கலங்கும் முன்பே, அது வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். கட்டிய பிறகு ஊற்றுவது வீண். பில்டரில் நிற்கும் தண்ணீரையும் அவ்வப்போது வடிக்க வேண்டும். சுழிய டிகிரியிலேயே அது பனிக்கட்டியாகி, மெழுகு அடைத்ததைப் போலவே வண்டியை நிறுத்தும். பயோடீசல் கலப்பில் கூடுதல் கவனம் தேவை. பாமாயிலிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 15 டிகிரியிலேயே கலங்கத் தொடங்கும்.

கட்டிவிட்டால் வண்டியை மூடிய, வெப்பமான கொட்டகைக்கு இழுத்துச் சென்று, புது பில்டர் மாட்டி, டீசல் தெளியும்வரை காத்திருப்பதே பாதுகாப்பான வழி. டேங்கின் அடியில் நெருப்பு மூட்டும் பழக்கம் மலைச்சாலைகளில் இருந்திருக்கிறது. அதுவும், டீசலில் பெட்ரோல் கலப்பதும் தீவிபத்துக்கு வழி.