தடித்த நூலின் பயணம்: பம்பாயிலிருந்து பத்து பகாட் வரை

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்ற பழமொழியை வகுப்பில் விளக்கும்போது, அந்த நூல் எங்கிருந்து வந்தது என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. கேட்டால் நல்ல வரலாற்றுப் பாடம் ஒன்று கிடைக்கும். ஆசியாவில் ஆலைத் தொழிலை நாடு விட்டு நாடு நகர்த்தியது பட்டும் இல்லை, மஸ்லினும் இல்லை. சாதாரணத் தடித்த பருத்தி நூல்தான்.

முதலில் ஒரு கணக்கு. 840 கெஜம் நீள நூல் ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ, அதுதான் அந்த நூலின் நம்பர். 20-ஆம் நம்பர் என்றால் ஒரு ராத்தலில் 16,800 கெஜம். நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும். தடித்த நூலை நூற்க நீண்ட இழைப் பஞ்சு தேவையில்லை, பெரிய தொழில்திறனும் தேவையில்லை. அதனால் யார் மலிவாகத் தருகிறார்களோ அவர்களிடம் சந்தை போய்விடும்.

பம்பாயில் 1854-இல் கவாஸ்ஜி டாவர் நூற்பாலை நிறுவனம் தொடங்கினார். இந்தியப் பஞ்சு குட்டை இழை, தடித்த நூலுக்கு ஏற்றது. லங்காஷயர் ஆலைகள் மெல்லிய நூலின் பக்கம் போக, பம்பாய் ஆலைகள் 10, 20-ஆம் நம்பர் நூலைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்தன. சீனக் கிராமத்து நெசவாளர்கள் அதைப் பாவுக்கு வைத்து, கையால் நூற்றதை ஊடைக்கு வைத்து நெய்தார்கள்.

பிறகு நிலைமை மாறியது. 1893-இல் இந்திய அரசு, பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவதை நிறுத்தியது. வெள்ளிக்கு எதிராக ரூபாயின் மதிப்பு உயர்ந்தது. சீனர்கள் வெள்ளியில் பணம் தருபவர்கள் ஆயிற்றே! அவர்களுக்குப் பம்பாய் நூல் விலை ஏறிவிட்டது. அதே ஆண்டு ஜப்பானியக் கப்பல் நிறுவனம் ஒன்று பம்பாய்ப் பஞ்சை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. ஜப்பான் 1894-இல் நூல் ஏற்றுமதி வரியையும், 1896-இல் பஞ்சு இறக்குமதி வரியையும் நீக்கியது. 1897-இல் அதன் நூல் ஏற்றுமதி இறக்குமதியைத் தாண்டியது. அதாவது, இந்தியப் பஞ்சை வைத்தே இந்திய நூலின் சந்தையைப் பிடித்தார்கள். 1895 ஷிமொனோசெகி உடன்படிக்கைக்குப் பின் சீனத் துறைமுகங்களிலேயே வெளிநாட்டார் ஆலை கட்டவும் வழி பிறந்தது.

இந்தப் பஞ்சும் நூலும் நம் ஜொகூருக்குத் தெற்கே, சிங்கப்பூர் வழியாகத்தான் கிழக்கே போயின. அப்போது ஜொகூரில் ஆலை இல்லை. இங்கே விளைந்தவை கம்பீரும் மிளகும். கம்பீர் தோல் பதனிடவும் சாயமிடவும் வெளிநாடு போனது. துணி வெளியிலிருந்து வந்தது.

நூற்பு, பின்னல், ஆயத்த ஆடை என்று பத்து பகாட் பெயர் பெற்றது விடுதலைக்குப் பிந்திய கதை. 1974 முதல் பல்லிழை உடன்படிக்கையின்படி, பணக்கார நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவுதான் வாங்குவோம் என்று கோட்டா வைத்தன. கோட்டா ஒரு தடைதான். ஆனாலும் மலேசியா போன்ற நாடுகளுக்கு அதில் நிச்சயமான ஒரு பங்கும் இருந்தது. 2005 ஜனவரி 1-இல் கோட்டா முடிந்தது. அந்தப் பாதுகாப்பும் போனது. பத்து பகாட்டின் ராமாடெக்ஸ் நிறுவனம், அமெரிக்கா ஆப்பிரிக்க நாடுகளுக்குத் தந்த வரிச்சலுகையை நம்பி நமீபியாவில் ஆலை வைத்தது. 2008-இல் அதை மூடியது. ஆலை மூடினால் முதலில் வேலை இழப்பவர் தொழிலாளிதான். வகுப்பில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மாணவர்களே, தொழில்வளர்ச்சி பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை எழுதும்போது "உழைத்தால் உயரலாம்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பம்பாய்த் தொழிலாளியும் உழைத்தார்தான். மூலப்பொருள், நாணய மதிப்பு, வரி, உடன்படிக்கை ஆகிய நான்கையும் காரணங்களாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் மேலே உள்ள ஓர் ஆண்டைச் சான்றாகச் சேருங்கள். கட்டுரைக்கு வலு தானாக வரும்.