பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுதியவர்

கத்தோலிக்க எழுத்தாளர் என்றதும் பலருக்கு மனதில் ஒரு சித்திரம் வரும். ஜன்னலோரம் ஒரு மேசை, சுவரில் பாடுபட்ட சுரூபம், சத்தமில்லாத வீடு, பூசை முடிந்து வந்து பக்தியோடு பேனாவை எடுக்கும் ஒரு பெரியவர். ழோர்ழ் பெர்னனோஸின் வாழ்க்கையைப் படித்தவர்களிடம் அந்தச் சித்திரம் நிற்காது. எங்கள் காலத்தில் பிரெஞ்சில் படித்தவர்களுக்குப் பெயர் பழக்கமானதுதான். ஆனால் அவர் எப்படி எழுதினார், எதை வைத்துக் குடும்பம் நடத்தினார் என்பது அவ்வளவாகத் தெரியாது.

1888-இல் பாரீசில் பிறந்தவர். முதல் உலகப் போரில் குதிரைப்படையில் இருந்து காயப்பட்டார். 1917-இல் கல்யாணம். ஆறு பிள்ளைகள். எழுத்து சோறு போடாது என்பதால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டர் வேலை பார்த்தார். கிழக்கு பிரான்சில் ஊர் ஊராக அலைய வேண்டிய உத்தியோகம். ரயிலிலும் ஓட்டல் அறையிலும் காப்பிக் கடையிலும் உட்கார்ந்துதான் முதல் நாவலை எழுதி முடித்தார். 'சாத்தானின் சூரியனுக்குக் கீழே' 1926-இல் வந்து பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. உடனே வேலையை விட்டுவிட்டார். பென்ஷன் வரும்வரை நாற்காலியை விட்டு அசையாத என் போன்றவனுக்கு அந்தத் துணிச்சல் பயமாகத்தான் இருக்கிறது.

பயந்தது போலவே ஆயிற்று. பணம் வந்த வேகத்தில் போனது. 1933-இல் மோட்டார் சைக்கிளில் போகும்போது விபத்து. கால் ஊனமாகி, அதற்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. அடுத்த வருடம், செலவு குறையும் என்று, குடும்பத்தோடு ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்கா தீவுக்குப் போனார். ப்ளோன் பதிப்பகம் அவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணம் அனுப்பியது. பக்கம் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பக்கக் கணக்குக்கு எழுதுகிறவர்கள் வளவளவென்று இழுப்பார்கள். இவரோ அடித்து அடித்துத் திருத்துகிறவர். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில், காப்பிக் கடை மேசையில்தான் எழுதுவார். மனித முகங்களையும் குரல்களையும் விட்டு அதிக நேரம் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். காசுக்காக ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதினார்.

அந்த நெருக்கடியில்தான் 'ஒரு கிராமப் பங்குச் சாமியாரின் நாட்குறிப்பு' பிறந்தது. 1936-இல் வெளிவந்தது. பிரெஞ்சு அக்கதெமி அதே வருடம் நாவலுக்கான பெரிய பரிசைக் கொடுத்தது. கதை சின்னது. வட பிரான்சில் ஒரு ஏழைப் பங்கு, அனுபவமில்லாத இளம் சாமியார். வயிற்றில் ஏதோ நோவு. வேறெதுவும் ஒத்துக்கொள்ளாததால் ரொட்டியை ஒயினில் நனைத்துச் சாப்பிடுகிறார். ஊரார் குடிகாரர் என்கிறார்கள். கடைசியில் அது புற்றுநோய். மளிகைக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்தார் என்று நினைத்த பாட்டில்களுக்குப் பின்னால் பில் வருகிறது! பில்லுக்குப் பயப்படும் இந்தச் சாமியாருக்குள் தேவ வரப்பிரசாதம் வேலை செய்வதைப் பெர்னனோஸ் ஒரு பிரசங்கமும் வைக்காமல் காட்டிவிடுகிறார். என் கணக்கில் அவருடைய தொழில் திறமை இங்கேதான் இருக்கிறது. புதுமைகள் மலிந்த புண்ணிய சரித்திரங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று தெரியும்.

வறுமையைவிடப் பெரிய சோதனை அதே வருடம் ஜூலையில் வந்தது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. பெர்னனோஸ் எந்தப் பக்கம் இருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. முடியாட்சிக்காரர். இளம் வயதில் வலதுசாரி இயக்கத்தில் சேர்ந்து சிறைக்குப் போனவர். யூதர்களுக்கு எதிரான எழுத்தைப் புகழ்ந்து 1931-இல் ஒரு புத்தகமே போட்டவர். அதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது. மயோர்கா பிராங்கோ தரப்பின் கையில் இருந்தது. அவருடைய மகன் ஒருவன் அவர்களுடைய ஃபலாங்கே படையில் சேர்ந்தான். தொடக்கத்தில் தகப்பனும் அந்தப் பக்கம்தான்.

பிறகு கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தார். கூலிக்காரர்களையும் குடியானவர்களையும் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள். லாரியில், முகமெல்லாம் தூசி படிந்து, நிமிர்ந்து உட்கார்ந்து சாவுக்குப் போகும் ஏழைகளைப் பார்த்ததுதான் தன்னுடைய அடுத்த நாவலைத் தொடங்க வைத்தது என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கொலைகளுக்குத் திருச்சபையின் மேலிடத்து ஆசி இருந்தது அவரால் தாங்க முடியாததாயிற்று. 1937-இல் தீவை விட்டுக் கிளம்பினார். அடுத்த வருடம் 'நிலவொளியில் பெரும் கல்லறைத் தோட்டங்கள்' வெளிவந்தது. உள்ளூர் ஆயரையும் விட்டுவைக்கவில்லை.

ஆறு பிள்ளைகளோடு கடனில் இருக்கும் மனிதர், தன் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கும் கத்தோலிக்க வாசகர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொள்கிறார். பழைய நண்பர்கள் துரோகி என்றார்கள். எதிர்ப்பக்கத்து இடதுசாரிகள் கைதட்டினார்கள், ஆனால் அவர் அங்கேயும் போய்ச் சேரவில்லை. பூசைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. சபையை விட்டு வெளியேறித் திட்டுவது சுலபம், உள்ளே இருந்து வாயை மூடிக்கொள்வதும் சுலபம். அவர் இரண்டையும் செய்யவில்லை. புத்தகத்தைப் படித்துவிட்டு, எதிரணியில் சேர்ந்து ஸ்பெயினுக்குப் போயிருந்த சிமோன் வேய் என்ற பெண் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தங்கள் தரப்பும் அப்பாவிகளைக் கொன்றது என்று அதில் ஒப்புக்கொண்டார். பெர்னனோஸ் அந்தக் கடிதத்தைக் கடைசிவரை பணப்பையில் வைத்திருந்தார் என்பார்கள்.

1938-இல் பிரேசிலுக்குப் போய் மாட்டுப் பண்ணை வைத்துப் பார்த்தார், அதுவும் தேறவில்லை. அங்கிருந்தபடியே ஹிட்லருக்கும் பெத்தேனுக்கும் எதிராகப் பத்திரிகைகளில் எழுதினார். 1945-இல் தெ கோல் கூப்பிட்டுத் திரும்பி வந்தார். லெழியோன் தொன்னேர் விருதைப் பலமுறை வேண்டாம் என்றார்.

கடைசி வேலையும் கூலி வேலைதான். பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்ட கர்மேல் சபைக் கன்னியரைப் பற்றிய சினிமாவுக்கு வசனம் எழுதக் கேட்டார்கள். வட ஆப்பிரிக்காவில், துனிசியாவில் இருந்து, நோயோடு எழுதி முடித்துக் கொடுத்தார். சினிமாக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 1948 ஜூலை 5-ஆம் தேதி இறந்தார். அடுத்த வருடம் அந்த வசனம் புத்தகமாக வந்தது. பூலாங்க் அதற்கு இசையமைத்த ஓபெரா 1957-இல் அரங்கேறியது. இன்றும் நடக்கிறது.