நாணற் கீற்றும் நாதமும்

கோயில் வீதியிலே மேளச்சமா நடந்துகொண்டிருக்கும். நாகசுர வித்துவான் ஓர் உருப்படியை வாசித்து முடித்ததும், வாத்தியத்தோடு நூலிற் கட்டித் தொங்கவிட்டிருக்கும் சீவாளிகளில் ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார். அது பிடிக்கவில்லையென்றால் இன்னொன்று. அதுவும் சரிவரவில்லையென்றால் ஊசியால் அதன் வாயைச் சற்றே திறந்துவிட்டு மீண்டும் ஊதுவார். தவிற்காரர் பொறுமையோடு காத்திருப்பார். முன்வரிசையில் இருக்கும் சிறுவர்களுக்கோ அந்தக் கீச்சொலி பெரும் வேடிக்கை. நானும் அப்படிச் சிரித்தவன்தான். கச்சேரியின் பாதி விதி அந்த விரலளவு நாணலிலே தங்கியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நேயர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது நாகசுரமன்று, கிளாரினெற். சின்ன மேளத்தின் வழியாகவும், பின்னர் திருச்சி ஏ. கே. சி. நடராஜன் போன்ற மேதைகள் வழியாகவும் தமிழ்க் காதுகளுக்குப் பழகிப்போன வாத்தியம் அது. ஆயினும் அதன் பிறந்தகம் ஐரோப்பா. அங்கே அதை வாசித்தவர்கள் மூன்று சிறு பொருள்களுக்காக முந்நூறு ஆண்டுகளாகப் பட்ட பாட்டைச் சொல்வதே என் நோக்கம்.

அந்த மூன்று பொருள்கள் எவை? வாத்தியத்தின் தலையில் பறவை அலகுபோல் இருக்கும் மவுத்பீஸ் ஒன்று. அதன் தட்டையான பக்கத்தில் ஒட்டிப் படிந்திருக்கும் நாணற் கீற்றாகிய றீட் மற்றொன்று. றீட் விலகாமல் இறுக்கிப் பிடிக்கும் பட்டியாகிய லிகேச்சர் மூன்றாவது. நாகசுரத்தில் நாணலோடு நாணல் சேர்ந்து அதிர்கிறது. கிளாரினெற்றில் ஒரே நாணல் மவுத்பீஸின் விளிம்போடு மோதி அதிர்கிறது. அந்த விளிம்பு நுனியை நோக்கி மெல்ல வளைந்து விலகிச் செல்லும். நுனியில் நாணலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். நாணலின் நுனிக் கனமோ அதில் பத்திலொன்று. இந்த இடைவெளி ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் வாசிப்பவரின் குரலே மாறிப்போகும்.

கிளாரினெற்றை ஏறத்தாழ 1700ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் ஜேர்மனியின் நூரெம்பேர்க் நகரத்து வாத்தியக் கைவினைஞர் யோகான் கிறிஸ்தோப் டென்னர் என்பர். அக்காலத்தில் லிகேச்சர் என்று தனியாக ஒன்று இல்லை. நூலால் சுற்றிக் கட்டுவதே வழக்கம். இன்னொரு விந்தையும் உண்டு. பலர் வாத்தியத்தை இன்று பிடிப்பதற்கு நேர்மாறாக, றீட் மேலுதட்டில் படும்படி வைத்து வாசித்தார்கள். கீழுதட்டில் படும்படி வைக்கும் முறை மெல்ல மெல்லவே பரவியது. பாரிஸ் இசைக் கல்லூரியில் அம்முறை ஆட்சிக்கு வந்தது 1831இல், ஜேர்மன் மண்ணில் பிறந்த பிரெடரிக் பெர் பேராசிரியரான பிறகுதான். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தார் அதற்குப் பின்னும் நெடுங்காலம் பழைய முறையைக் கைவிடவில்லை. மேலிருந்ததைக் கீழே மாற்றுவது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் உதட்டின் தசை, பல்லின் அழுத்தம், நாக்கு நாணலைத் தொடும் இடம் எல்லாமே மாறுகின்றன. வலக்கையால் எழுதிப் பழகியவரை இடக்கையால் எழுதச் சொன்னாற்போலத்தான்.

இந்த மாற்றத்தின் நடுவே நிற்பவர் இவான் முல்லர். 1786இல் இன்றைய எஸ்தோனியாவின் தலைநகரான தாலினில் பிறந்தவர். 13 சாவிகள் பொருத்திய புதிய கிளாரினெற்றோடு பாரிஸ் சென்றார். ஒரே வாத்தியத்தில் எல்லாச் சுருதிகளையும் வாசிக்கலாம் என்பது அவர் வாதம். 1812இல் பாரிஸ் இசைக் கல்லூரியின் குழுவொன்று அதைப் பரிசீலித்து நிராகரித்தது. வெவ்வேறு சுருதிக் கிளாரினெற்றுகளுக்கு வெவ்வேறு குரல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் அந்த வேறுபாடு அழிந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பிற்கால நூல்கள் அந்தக் குழுவினரைப் பிற்போக்காளராகக் காட்டுவதுண்டு. எனக்கென்னவோ அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை என்றே படுகிறது. வசதிக்காக ஒரு குரலை இழப்பது இழப்புத்தானே!

முல்லர் சோர்ந்துவிடவில்லை. ஐரோப்பாவெங்கும் வாசித்துத் திரிந்தார். அவருடைய வாத்தியமும் பரவியது. நூற்கட்டுக்குப் பதிலாகத் திருகாணி வைத்த உலோக லிகேச்சரைக் கொண்டுவந்த பெருமையும் அவருக்கே தரப்படுகிறது. அவர் 1854இல் கண்மூடியது ஜேர்மனியின் பூக்கபேர்க் என்னும் சிற்றூரிலே. அந்த ஜேர்மனியிலும் அயலிலுள்ள ஒஸ்திரியாவிலும் இன்றும் பல கலைஞர்கள் உலோகப் பட்டியை ஒதுக்கிவிட்டு நூலையே சுற்றுகிறார்கள். நூல் நாணலை நெரிக்காது, சீராக அணைக்கும் என்பது அவர்கள் அனுபவம். ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றிக் கட்டும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மவுத்பீஸ் முதலில் மரத்தாலானது. வாயின் ஈரம் பட்டு மரம் ஊதும். ஊதினால் விளிம்பின் வளைவு கெடும். தந்தம், கண்ணாடி, உலோகம் எல்லாவற்றையும் முயன்று பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் றப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் கெட்டியாக்கும் வித்தை கைவந்த பின்னரே எபனைற் என்னும் வன்றப்பர் வந்தது. ஈரத்துக்கு அசையாத அந்தக் கரிய பொருளை இன்றளவும் வெல்ல வேறொன்று வரவில்லை. இத்தாலியிலும் இங்கிலாந்திலும் சிலர் மட்டும் கண்ணாடியை விரும்பினார்கள்.

பொருள் ஒன்றானாலும் வடிவம் ஒன்றாகவில்லை. ஜேர்மன் மவுத்பீஸில் வளைவு நீளம், திறப்புக் குறுகல், றீட்டும் ஒடுக்கம். குரல் இருண்டு, உள்ளடங்கி ஒலிக்கும். பிரெஞ்சு முறையில் வளைவு குறுகியது, திறப்பு அகன்றது. குரலில் வெளிச்சமும் நெகிழ்வும் அதிகம். மைனிங்கன் அரண்மனை வாத்தியக் குழுவில் முதலில் வயலின் வாசித்துவந்த ரிச்சட் மூல்பெல்ட் கிளாரினெற்றுக்கு மாறினார். அவர் வாசிப்பைக் கேட்ட பிறாம்ஸ், இனி எழுதுவதில்லை என்ற எண்ணத்தைக் கைவிட்டு, 1891இல் கிளாரினெற் மூவிசையையும் ஐவிசையையும் எழுதினார். அந்த ஐவிசையைப் பிரெஞ்சு மவுத்பீஸில் கேட்டால் பாட்டு அதுதான். ஆனால் மாலை நேரத்து மங்கல் கொஞ்சம் கலைந்துபோகிறது. இது என் காதுக்குப் பட்டது, மறுப்போர் மறுக்கலாம்.

ஆங்கிலேயர் வழி தனி. லண்டனில் பூசி அன்ட் ஹோக்ஸ் செய்த 1010 என்னும் கிளாரினெற்றின் உட்டுளை அகன்றது. அதற்கேற்ப நேர்த்துளை மவுத்பீஸ் வேண்டும். பிரெஞ்சு மவுத்பீஸைச் செருகினால் சுருதி தடுமாறும். பிரெடரிக் தேர்ஸ்டன், ஜாக் பிறைமர் போன்றோர் அந்த அகன்ற குரலை ஒரு தேசத்தின் அடையாளமாக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அந்த வாத்தியத்தின் உற்பத்தி நின்றது. அதை வாசிப்போர் பழைய வாத்தியங்களைத் தேடித்தான் வாங்கவேண்டும். பாரிஸ் குழு 1812இல் அஞ்சியது வேறொரு வடிவில் இங்கே நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் பிரான்சிலிருந்து சென்ற டானியல் பொனாட் ஒரு பரம்பரையையே உருவாக்கினார். அவர் மாணவர் ராபேட் மார்செலஸ் கிளீவ்லாந்துக் குழுவில் வாசித்த மவுத்பீஸ், காஸ்பர் என்னும் கைவினைஞர் இழைத்தது. இழைத்தவர் மறைந்த பின்னும் அந்த மவுத்பீஸ்களுக்குக் குறையாத மதிப்பு. பொனாட் பெயரால் வந்த லிகேச்சரில் திருகாணிகள் மேற்பக்கம் திரும்பியிருக்கும். நாணலை நீளப்பாட்டில் இரு தண்டவாளம் மட்டுமே தொடும். நாணலைக் குறைவாகத் தொட்டால் அது தாராளமாக அதிரும் என்பதே அதன் தத்துவம்.

இத்தனை நுட்பத்துக்கும் அடியில் இருப்பது காட்டுப்புல் போன்ற ஒரு நாணல். பிரான்சின் தெற்கே, மத்தியதரைக் கடலோரத்து வார் மாவட்டத்தில் விளைவதுதான் சிறந்தது என்பது பரம்பரை நம்பிக்கை. இரண்டு ஆண்டு வளரவிட்டு, மாரியில் வெட்டி, வெயிலில் காயவைத்து, பின் கிடங்கில் ஆறவிடுகிறார்கள். பாரிஸ் ஒப்பராவில் கிளாரினெற் வாசித்த இயூஜின் வான்டோரன் தன் தேவைக்காகச் செதுக்கத் தொடங்கி, 1905இல் அதையே தொழிலாக்கினார். இதைப் படிக்கும்போது சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை எனக்கு நினைவுக்கு வராமலிருக்காது. குழல் செய்யும் மரம் நல்ல நிலத்தில் வளர்ந்ததாக, இளையதுமாகாமல் முதிர்ந்ததுமாகாமல் இருக்கவேண்டும். வெட்டி நிழலில் ஓராண்டு ஆறவிட்டு, திருகல் பிளவு இல்லையென்று கண்டபின் துளையிட வேண்டும் என்கிறார் அவர். கருங்காலியே பெருவழக்கு என்றும் சொல்கிறார். கிளாரினெற்றும் ஆபிரிக்கக் கருமரத்தால்தான் கடையப்படுகிறது.

இவ்வளவு பக்குவம் பார்த்தும் ஒரு பெட்டி றீட்டில் மேடைக்கு உகந்தவை இரண்டோ மூன்றோதான் தேறும் என்று வித்துவான்கள் அலுத்துக்கொள்வார்கள். அவையும் சில வாரங்களில் தளர்ந்துவிடும். 1998இல் கனடாவில் லெஜேர் என்னும் நிறுவனம் செயற்கை றீட் செய்யத் தொடங்கியது. ஈரப்படுத்தத் தேவையில்லை, காலநிலைக்கு மாறாது. அதை மேடையில் வாசிக்கும் தொழில்முறைக் கலைஞர்கள் இப்போது இருக்கிறார்கள். நாணலை விடமாட்டோம் என்போரும் இருக்கிறார்கள்.

ஒருவர் கதையைச் சொல்லி நிறுத்துகிறேன். ஜாஸ் உலகின் முடிசூடா மன்னன் பென்னி குட்மன், மேற்பல்லை மவுத்பீஸில் ஊன்றியே சிறுவயது முதல் வாசித்தவர். 1949இல், நாற்பதாவது வயதில், உலகப் புகழோடு இருந்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த றெஜினோல்ட் கெல்லிடம் மாணவராகப் போய் அமர்ந்தார். கெல் பற்களை இரு உதடுகளாலும் மூடி வாசிப்பவர். குட்மன் முப்பது ஆண்டுப் பழக்கத்தை உதறிவிட்டு உதட்டையும் விரலையும் புதிதாகப் பழக்கினார். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். முன்னைய வேகமும் சூடும் எங்கே என்று கேட்டார்கள். அவரோ தொடர்ந்து பழகினார். நாற்பதைக் கடந்த எனக்கு அந்த இடம் ஒவ்வொரு முறையும் உறைக்கிறது. அடுத்த ஆண்டு, 1950 நவம்பர் 6இல், ஏரன் கோப்லன்ட் அவருக்கென எழுதிய கொன்சேற்றோ என்.பி.சி. வானொலியில் முதன்முதலாக ஒலிபரப்பாயிற்று. வாசித்தவர் குட்மன்.