அம்மை வந்தா வீக்கம் வடியுமா?

காலையில் எழுந்ததும் குழந்தையின் கண்ணிமை உப்பியிருக்கும். சரியாத் தூங்கலை போல என்று விட்டுவிடுவோம். சில நாளில் காலும் வயிறும் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். இதுதான் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். குழந்தைகளுக்கு இது வரப் பெரும்பாலும் காரணம் மினிமல் சேஞ்ச் டிசீஸ்.

1827-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், வீக்கம் வந்தவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தியில் சூடுகாட்டச் சொன்னார். வெள்ளைக்கரு மாதிரி திரிந்தது. ரத்தத்தில் இருக்கவேண்டிய அல்புமின் வெளியே ஓடுகிறது! (காலைச் சிறுநீரை வீட்டிலேயே சோதித்து நோட்டில் எழுதச் சொல்வது இன்றும் நம்மூரில் உண்டு.)

ஆனால் இந்தக் குழந்தைகளின் சிறுநீரக வடிகட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. சாதாரணமாக இருக்கும். அந்தக் காலத்தில் பல குழந்தைகளின் உயிரைப் பறித்தது சிறுநீரகக் கோளாறு அல்ல, கிருமித்தொற்று. நோயை எதிர்க்கும் புரதங்களும் சிறுநீரோடு போய்விடுமே.

இங்கேதான் கதை விசித்திரமாகிறது. தட்டம்மை வந்த சில குழந்தைகளுக்கு வீக்கம் மளமளவென்று வடிந்தது. அதைப் பார்த்து 1940-களில் சில டாக்டர்கள் வேண்டுமென்றே தட்டம்மையைத் தொற்றவைத்தார்கள். இன்று கேட்டால் பதறும். தட்டம்மையே ஆளைக் கொல்லும். ஆனாலும் அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரலை. கையில் வேறு மருந்தே இல்லை. 1950 வாக்கில் ஏ.சி.டி.எச்., கார்ட்டிசோன் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

1957-இல் ஃபார்குவார், வெர்னியர், குட் மூவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. வடிகட்டியைப் பிடித்திருக்கும் போடோசைட் செல்லின் பாதங்கள் தட்டையாகிக் கிடந்தன. அவ்வளவுதான் மாற்றம். பேரும் அப்படியே அமைந்தது.

1974-இல் ஷல்ஹூப் பழைய தட்டம்மைக் கதையைத் திரும்ப எடுத்தார். தட்டம்மை நோய் எதிர்ப்பு செல்களை அடக்கும், ஸ்டீராய்டும் அடக்கும்; அப்படியென்றால் கோளாறு சிறுநீரகத்தில் இல்லை, டி செல்லில் என்றார். பாதி சரி. 2022-இல் சில நோயாளிகளின் ரத்தத்தில், போடோசைட்டின் நெஃப்ரின் புரதத்தையே தாக்கும் எதிர்பொருள் கிடைத்தது. எதிர்பொருளை உண்டாக்குவது பி செல் வம்சம். எல்லா நோயாளிகளிடமும் அது கிடைக்கவில்லை. மிச்சப்பேர் விஷயத்தில் ஷல்ஹூப்பின் டி செல் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது.