சாயாத சுவர்கள்

வலிகாமம் வடக்கில் இருந்த எங்கள் வீட்டின் படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. எண்பதுகளில் மாமா எடுத்தது. அவருக்குப் பின்னால் கிணற்றுக்கட்டு. இன்னும் பின்னுக்குப் போக இடமில்லை. முகடும் படத்தில் விழவேண்டும் என்று கமராவை மேல்நோக்கிச் சரித்திருக்கிறார். அதனால் விறாந்தைத் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. வீடு பின்பக்கமாக விழப்போவதுபோல் நிற்கிறது.

1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்கு மூன்று வயது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணி, போர் முடிந்து பல வருடங்களின் பின் திரும்பக் கிடைத்தபோது அத்திவாரம் மட்டுமே இருந்தது. பழைய வீட்டைப்போலவே ஒன்றை அதன்மேல் கட்டவேண்டும் என்று அக்கா நின்றா. மேசன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாராம்: "முகடு எத்தனை அடி, பிள்ளை?" அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் தூணின் கீழே ஒரு கணக்கு, மேலே இன்னொரு கணக்கு. பதில் கிடைக்கவில்லை.

பாரிஸில் ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவுகிறவன் நான். பல்கலைக்கழகப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன். கட்டடங்களைப் படமெடுத்தவர்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது அந்த மேசனின் கேள்விதான்.

அதே கேள்வி 1858இல் ஜேர்மனியில் ஒருவரைப் பிடித்திருக்கிறது. அல்பிரெக்ட் மைடன்பவர் என்ற இளம் கட்டடக்கலைஞர் வெட்ஸ்லார் பேராலயத்தை அளக்க உயரத்தில் ஏறி, அங்கிருந்து விழப்பார்த்துத் தப்பினார். கட்டடத்தில் ஏறி அளப்பதற்குப் பதிலாக அதன் படத்தை அளந்தால் என்ன என்ற யோசனை அவருக்கு அப்போதுதான் வந்தது. 1885இல் அவருடைய தலைமையில் பேர்லினில் அதற்கென ஓர் அரச நிறுவனம் தொடங்கியது. அங்கே சேர்ந்த கண்ணாடித் தட்டுகள் ஏறக்குறைய 20,000. இரண்டாம் உலகப்போரில் இடிந்த கட்டடங்களைத் திருத்தி எழுப்பியவர்களுக்கு அவை கைகொடுத்தன.

இதில் உள்ள நுட்பம் எளிது. கமராவுக்குள் இருக்கும் தட்டு செங்குத்தாக நின்றால், சுவரின் செங்குத்துக் கோடுகள் படத்திலும் சமாந்தரமாக நிற்கும். தட்டு சரிந்தால் அவையும் சரியும். அப்படியானால் உயரமான கட்டடத்தின் உச்சியை எப்படிப் பிடிப்பது? கமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே உயர்த்தவேண்டும். பழைய மரக் கமராக்களின் முன்பலகை அப்படி வழுக்கிச் செல்லக்கூடியது.

பாரிஸில் இந்த முன்பலகையை மிக நன்றாகப் பயன்படுத்தியவர் யூஜேன் அட்ஜே. 1857இல் லிபூர்னில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். கப்பலில் வேலை செய்து, நாடக நடிகராகி, அதிலும் பிழைக்கமுடியாமல் படமெடுக்க வந்தவர். 18க்கு 24 சென்ரிமீற்றர் கண்ணாடித் தட்டுகளையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு, இடிபடக் காத்திருந்த பழைய வீடுகளையும் முற்றங்களையும் படிக்கட்டுகளையும் முப்பது வருடம் எடுத்தார். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் அவற்றை விற்றுச் சாப்பிட்டார். 1920இல் 2,621 தட்டுகளை 10,000 பிராங்குக்கு அரசு வாங்கியது. 1927இல் அவர் இறந்தபின் மிகுதியில் ஒரு பகுதியை அமெரிக்கப் படப்பிடிப்பாளர் பெரனிஸ் அபொட் வாங்கிக் காப்பாற்றினார்.

நூலகத்தில் அட்ஜேயின் படப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது ஒரு விடயம் கண்ணில் பட்டது. பல படங்களின் மேல்மூலைகள் வளைவாகக் கறுத்திருக்கின்றன. பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். லென்ஸ் ஒரு வட்டத்துக்குள்தான் படத்தை விழுத்தும். லென்ஸை அளவுக்குமேல் உயர்த்தினால் தட்டின் மூலைகள் அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். மூலை போனாலும் சுவர் நேராக நிற்கட்டும் என்று அந்த மனிதர் தீர்மானித்திருக்கிறார்.

1925இல் லைக்கா வந்தது. கமரா கைக்குள் அடங்கியது; ஆனால் வழுக்கும் முன்பலகை போய்விட்டது. மாமாவின் கமராவும் அந்த வம்சம்தான். சிறிய கமராவுக்கு இந்த வசதியை 1962இல் நிக்கோன் 35 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றில் திரும்பக் கொடுத்தது. 1973இல் கனன், லென்ஸை நகர்த்துவதோடு சரிக்கவும் வழி செய்தது. இந்தச் சரிவு, தெளிவு விழும் தளத்தைத் திருப்புவதற்கானது. ஒஸ்ரிய இராணுவக் கப்டன் ஷைம்ப்புளூக் 1904இல் காப்புரிமை கோரிய விதியே அதன் அடிப்படை. சுவரை நேராக நிறுத்த அது தேவையில்லை, நகர்வு போதும்.

இப்போது நான் அப்படி ஒரு லென்ஸ் வாங்கக் காசு சேர்க்கிறேன். எனக்கல்ல. எனது பயணப் பத்திரத்தில் போகக்கூடாத நாடு என்று எழுதியிருப்பது இலங்கையைத்தான். அக்காவின் மகன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் எஞ்சியிருக்கும் நாற்சார் வீடுகளைப் படமெடுக்கத் தொடங்கியிருக்கிறான். அவனுக்கு அனுப்பத்தான்.

எதை வாங்குவது என்பதை எவ்வளவு தூரம் பின்னுக்குப் போகமுடியும் என்பதே தீர்மானிக்கிறது. 24க்கு 36 மில்லிமீற்றர் படத்தைக் கிடையாக வைத்து, 24 மில்லிமீற்றர் லென்ஸை 12 மில்லிமீற்றர் உயர்த்தினால் கணக்கு மனதில் நிற்கும்: சுவரிலிருந்து எத்தனை மீற்றர் தள்ளி நிற்கிறோமோ, கமராவுக்குமேல் அத்தனை மீற்றர் படத்தில் விழும். உயர்த்தாவிட்டால் அதில் பாதிதான். நாலு மீற்றர் முற்றத்தில், ஒன்றரை மீற்றர் முக்காலியில், ஐந்தரை மீற்றர் உயரம்வரை கிடைக்கும். எங்கள் வீடுகளுக்கு அது போதும். 17 மில்லிமீற்றர் லென்ஸ் இன்னும் உயரம் காட்டும்; பாரிஸின் ஒடுங்கிய தெருக்களுக்கு அது சரி. ஆனால் ஓரங்களில் பொருட்களை இழுத்து நீட்டிவிடும். 2009இல் வந்த கனன் 24இன் படவட்டம் 67.2 மில்லிமீற்றர், படத்தின் மூலைவிட்டம் 43 மில்லிமீற்றர்தான். ஆகவே மூலைகள் கறுக்காது. பாவித்தது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

கணினியில் நிமிர்த்தலாமே என்று மருமகன் கேட்டான். நிமிர்த்தலாம்தான். ஆனால் மேற்பகுதியை இழுத்து நிரப்பும்போது ஓட்டு வரிசைகளின் தெளிவு குறையும், ஓரங்களும் வெட்டுப்படும். மாமாவின் படத்தையும் அப்படி நிமிர்த்திப் பார்த்தோம். தூண்கள் நேரானது உண்மை. அளவு தெரிந்த பொருள் ஒன்றும் அந்தப் படத்தில் இல்லாததால், முகட்டின் உயரம் அப்போதும் தெரியவில்லை.

ஆகவே லென்ஸோடு ஒரு கடிதமும் போகும். "தம்பி, படம் எடுக்கமுதல் கமரா மட்டமாக நிற்கிறதா என்று பார். பிறகு அடி அடியாகக் கோடு போட்ட ஒரு தடியைச் சுவரோடு நிமிர்த்தி வை. வடிவாக இல்லையே என்று அதை எடுத்துவிடாதே. பிறகு ஒருநாள் ஒரு மேசன் கேட்பார்."